நேராக வளர்ந்தால் வெட்டு

கொண்டைக் கள்ளி வளர்ப்பவர்களிடையே தண்ணீர் பற்றி ஒத்த கருத்து கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை என்பார் ஒருவர். மண் நன்றாகக் காய்ந்து இரண்டு நாள் போகட்டும் என்பார் இன்னொருவர். மண்ணில் மணல் எத்தனை பங்கு, வெயில் முழுதாகவா பாதியாகவா, எல்லாவற்றிலும் ஆளுக்கொரு கட்சி. ஒரே ஒரு விதியில்தான் கட்சி பேதம் இல்லை. கொண்டையிலிருந்து ஒழுங்கான கிளை எட்டிப் பார்த்தால் உடனே அறுத்துவிட வேண்டும். அழுகிய கிளையைப் பற்றியோ பூச்சி விழுந்த கிளையைப் பற்றியோ பேசவில்லை. நேராக, உருண்டையாக, அந்த இனத்துச் செடிகள் லட்சக்கணக்கான ஆண்டுகளாக எப்படி வளர்ந்தனவோ அப்படியே வளர வரும் கிளையைத்தான்.

காரணம் எளிது. ஒழுங்கான கிளைக்கு வேகம் அதிகம். ஒரே வேரிலிருந்து இரண்டும் சாப்பிடுகின்றன. விட்டுவைத்தால் அது ஓங்கிவிடும், கொண்டை பின்தங்கும், கொஞ்ச காலத்தில் செடி பழையபடி சாதாரணச் செடியாகிவிடும். சாதாரணச் செடிக்குச் சந்தையில் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் நர்சரி ஒன்றில் இந்த வேலை நடப்பதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். மேசைமேல் இருந்தது மூளைக் கள்ளி என்று விற்கிறார்களே, அது. மெக்ஸிகோவின் மலைச்சரிவுகளில் விரல் விரலாகக் கூட்டமாய் வளரும் மாமில்லாரியா எலாங்கேட்டா என்ற கள்ளியின் கொண்டை வடிவம். விரல்கள் ஒன்றுகூட இல்லை. பச்சை நிறத்தில் தடித்த நாடா ஒன்று தன்மேலேயே மடிந்து, வளைந்து, மறுபடி மடிந்து தொட்டி முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. மேலே மஞ்சள் முட்கள் பூம்பட்டுப்போல ஒட்டிக் கிடந்தன. ஒரு மடிப்பின் ஓரத்தில் மட்டும் சுண்டுவிரல் அளவில் ஒன்று நிமிர்ந்து நின்றது. நர்சரிக்காரர் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தார்.

“ஏண்ணே, நல்லாத்தானே வளருது? அதை ஏன் எடுக்கறீங்க?”

“நல்லா வளருது, அதான் சார் பிரச்சினையே. இதை விட்டா ஒரு வருசத்துல கொண்டை அமுங்கிப்போயிடும். அப்புறம் யாரு வாங்குவா?”

அடியோடு அறுத்தார். வெட்டு வாயில் வெளிர்பச்சை ஈரம் மினுங்கியது. கந்தகத் தூளைக் கொஞ்சம் தொட்டு வைத்தார். அறுபட்ட விரலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அதன் முட்கொத்துகள் வலமாகவும் இடமாகவும் சுழன்று ஏறும் வரிசைகளில் அடுக்கப்பட்டிருந்தன. இந்தக் குடும்பத்துக் கள்ளிகளில் அந்த வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் 5, 8, 13, 21 என்றுதான் வரும். முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை அடுத்தது. கொண்டையில் அந்தக் கணக்கு இல்லை. எண்ணத் தொடங்குவதற்கு ஓர் இடமே அகப்படாது. கணக்குத் தெரிந்த துண்டு மேசைக்கடியிலிருந்த வாளிக்குப் போயிற்று.

ஓர் இடம் அகப்படாது என்பதுதான் கொண்டையின் முழுக் கதையும். செடியின் தண்டு எங்கிருந்து வேண்டுமானாலும் நீள்வதில்லை. அதன் உச்சியில், கண்ணுக்குத் தெரியாத அளவில், நுனி ஆக்குத்திசு என்ற சின்ன மேடு இருக்கிறது. அந்த மேட்டின் நடுவில் உள்ள குருத்தணுக்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. ஓரத்துக்குத் தள்ளப்பட்டவை இலையாகவோ முள்ளாகவோ தண்டாகவோ ஆகின்றன. நடுவில் பிறப்பதும் ஓரத்தில் கடமைக்குப் போவதும் சரிசமமாக நடக்கும்வரை மேட்டின் அளவு மாறாது. நூறு வயதுக் கள்ளியின் உச்சியிலும் அது சின்ன மேடுதான்.

இந்தச் சமநிலை எப்படிக் காக்கப்படுகிறது என்பதைக் கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகக் களைச்செடியில்தான் முதலில் கண்டார்கள். 1990களில் தொடங்கிய அந்த ஆராய்ச்சியில் இரண்டு மரபணுக்கள் முக்கியமானவை. வூஷெல் என்ற மரபணு, குருத்தணுக்களைக் குருத்தணுக்களாகவே வைத்திருக்கிறது: வளரு, பெருகு என்கிறது. அப்படிப் பெருகிய குருத்தணுக்களே கிளாவட்டா 3 என்ற மரபணுவின் மூலம் சிறிய புரதத்துண்டு ஒன்றைச் சுரந்து, வூஷெலிடம் போதும் என்று சொல்லி அனுப்புகின்றன. பெருக்கம் கூடினால் ‘போதும்’ என்ற குரல் உயரும். குரல் உயர்ந்தால் பெருக்கம் குறையும். குறைந்தால் குரல் தாழும். இந்தச் சங்கிலியில் ‘போதும்’ சொல்லும் கண்ணி பழுதானால் மேடு நிற்காமல் அகலமாகிறது. கள்ளிகளில் தோன்றும் ஒவ்வொரு கொண்டைக்கும் இதே மரபணுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நடப்பது இந்த வகைப்பட்டதே. புள்ளியாக இருந்த உச்சி ஒரு திசையில் நீண்டு கோடாகிவிடுகிறது. புள்ளியிலிருந்து வளர்ந்தால் தூண். கோட்டிலிருந்து வளர்ந்தால் விசிறி.

விசிறி விரிய விரியக் கோடும் நீளமாகிக்கொண்டே போகிறது. அடிப்பகுதி பழைய நீளத்திலேயே இருக்க, மேல் விளிம்பு மட்டும் பல மடங்கு நீண்டால் அதற்குத் தட்டையாக நிற்க வழியில்லை; பாவாடை விளிம்பில் கூடுதல் துணி வைத்துத் தைத்தால் விழும் கொசுவம்போல நெளிந்தாக வேண்டும். மூளைக் கள்ளியின் மடிப்புகளில் நாம் வியக்கும் அத்தனை அழகும், போக இடமில்லாத நீளத்தின் நெருக்கடி.

கொண்டை விழுந்த செடி வளராமல் போவதில்லை. எடை கூடும், சதை கூடும், மேற்பரப்பு கூடும். உயரம் மட்டும் கூடாது. நாட்டின் வளர்ச்சி விகிதத்தை ஆண்டுதோறும் பத்திரிகையில் படிப்பவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் பட்டியல் நீளும். பிறவியிலேயே வந்த மரபணு மாற்றம், உச்சியில் விழுந்த உறைபனி, பூச்சிக் கடி, காயம், களைக்கொல்லியின் சாரல், சில வைரஸ்கள். ரோடோகாக்கஸ் ஃபாஸியன்ஸ் என்ற பாக்டீரியா செடியின் வளர்ச்சி ஹார்மோனைத் தானே தயாரித்து ஊட்டிக் குருத்துகளைத் தாறுமாறாக்கும். பட்டியல் இவ்வளவு நீளமாக இருப்பதற்கு அர்த்தம், கண்ணெதிரே இருக்கும் குறிப்பிட்ட செடிக்கு எது காரணம் என்று பெரும்பாலும் சொல்ல முடியாது என்பதே. மனித மனத்துக்கு இது போதவில்லை. 2015இல் ஜப்பானிலிருந்து பட்டையாக ஒட்டிய டெய்சிப் பூக்களின் படம் ஒன்று உலகமெங்கும் பரவியது. ஃபுகுஷிமா அணு உலைதான் காரணம் என்று பார்த்தவர்கள் தீர்ப்பெழுதினார்கள். அணு உலைக்குச் சம்பந்தமே இல்லாத தோட்டங்களிலும் டெய்சி இப்படி ஒட்டிப் பூக்கும் என்று தாவரவியலாளர்கள் சொன்ன மறுப்பு அந்தப் படத்தின் வேகத்தில் பயணம் செய்யவில்லை. நம் ஊரில் அணு உலையைத் தேட மாட்டோம். ஒற்றைக் குருத்துப் பனை கிளைவிட்டு நின்றால் மஞ்சள் துணி கட்டுவோம். செய்தித்தாளில் ‘அதிசயப் பனை’ என்று நான்கு வரி வரும். கதிர்வீச்சோ தெய்வமோ, யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும்.

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் ஹ்யூகோ டி விரிஸ். 1900இல் மெண்டலின் மறக்கப்பட்ட ஆய்வை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான இந்த டச்சு விஞ்ஞானி, கிரெபிஸ் என்ற மஞ்சள் பூச்செடியில் பட்டைத் தண்டு விழும் வகையை ஆண்டுக்கணக்கில் விதைத்து வளர்த்தார். பட்டையாகும் சாய்வு பரம்பரையில் வருகிறது, ஆனால் அது வெளிப்படுவது சோற்றைப் பொறுத்தது என்று கண்டார். நெருக்கி நட்டு மெலிந்த மண்ணில் விட்டால் பெரும்பாலான செடிகள் ஒழுங்காகவே வளர்ந்தன. இடம் விட்டு, உரமிட்டு, செழிக்க வளர்த்தால் பட்டைகள் கூடின. பற்றாக்குறையில் ஒழுக்கம், செழிப்பில் கொண்டை. இதை வைத்து நீதிபோதனை செய்யும் ஆசை எனக்கும் வருகிறது. செடிக்கு அந்த நோக்கம் கிடையாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

நர்சரிக்குத் திரும்புகிறேன். அங்கே அதிகம் விற்பது மூளைக் கள்ளி இல்லை, பவளக் கள்ளி. ‘கோரல் கேக்டஸ்’ என்று எழுதியிருப்பார்கள். தாவரவியல்படி அது கேக்டஸே கிடையாது. கேக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தது. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிகூட அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான். பவளக் கள்ளியோ யூஃபோர்பியா, பால் வடிகிற பழைய உலகத்துக் கள்ளி. அதன் மேல் பாதி யூஃபோர்பியா லாக்டியா என்ற தெற்காசியக் கள்ளியின் கொண்டை வடிவம். கீழ்ப்பாதி நமக்கு நன்றாகத் தெரிந்த இலைக்கள்ளி. இரண்டையும் ஒட்டுக்கட்டி ஒரே செடியாக்கியிருக்கிறார்கள்.

ஒட்டுக்கட்டும் வேலை நுணுக்கமானது. இலைக்கள்ளித் தண்டின் தலையைச் சீவி, நடுவில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் எடுக்கிறார்கள். கொண்டைத் துண்டின் அடியை அந்தப் பள்ளத்துக்கு ஏற்பச் செதுக்குகிறார்கள். இரண்டு வெட்டிலிருந்தும் பால் கொட்டும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, வடிவது நிற்கும்வரை துடைக்க வேண்டும், இல்லையென்றால் பாலே நடுவில் உறைந்து இரண்டையும் சேரவிடாது. கையுறை போட்டுக்கொள்வார்கள். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிறகு பொருத்தி, ரப்பர் பட்டையால் இறுக்கி, நிழலில் வைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் நாளங்கள் பிடித்துக்கொள்ளும். கொண்டைக்குச் சொந்த வேர் வேண்டாம். இலைக்கள்ளி இழுத்துக் கொடுக்கும். இலைக்கள்ளி தன் பக்கவாட்டில் ஒரு துளிர் விட்டால் அதையும் கிள்ளிவிட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கள்ளிப்பாலை ஒரு செய்முறைத் தொந்தரவாக மட்டும் எழுதிவிட்டுத் தமிழில் ஒருவர் நகர முடியாது. 1986இல் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றி ஆங்கில மாதமிருமுறை இதழ் ஒன்றில் அட்டைப்படக் கட்டுரை வந்தபோதுதான், பிறந்த பெண் சிசுவின் வாயில் கள்ளிப்பாலையோ எருக்கம்பாலையோ விடுவதைப் பற்றி நகரத்தவர்கள் முதல்முறை கேள்விப்பட்டதுபோல அதிர்ந்தார்கள். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. கொல்ல வேண்டாம், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைத்துக் கேட்டுக்கொண்ட திட்டம். அந்தக் குழந்தைகளின் உடலில் குறை எதுவும் இருக்கவில்லை. எடை சரி, அழுகை சரி, விரல்கள் பத்தும் சரி. நன்றாக வளரும் என்பதுதான் பிரச்சினை. வளர்ந்தால் நகை, வளர்ந்தால் வரதட்சணை, வளர்ந்தால் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும் உழைப்பு. செடியையும் சிசுவையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமில்லை. ஆனால் எது வளரலாம், எது கூடாது என்று தீர்மானிக்கும் கை, எதிரே இருப்பதன் ஆரோக்கியத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதில்லை. கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அதே கள்ளி இப்போது வரவேற்பறை மேசையில், வெள்ளைப் பீங்கான் தொட்டியில், கூழாங்கல் பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

கொண்டை எப்போதும் மேசை அலங்காரமாக மட்டும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேடும் பள்ளமுமாக இருக்கும் பெரிய தக்காளி ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: விதை அறைகள் ஆறோ ஏழோ இருக்கும், ஒழுங்கில்லாமல். காட்டுத் தக்காளிக்கு அறைகள் இரண்டே. பழம் சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த இரண்டை ஏழாக்கிய மாற்றங்களில் ஒன்று, நாம் மேலே பார்த்த கிளாவட்டா 3 மரபணுவில் நேர்ந்த பழுது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பூவின் குருத்து அளவு மீறி அகன்றதால்தான் பழம் பெருத்தது. உழவர்கள் அதைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்தார்கள். யாரும் அதைக் கொண்டை என்று சொல்வதில்லை. சந்தையில் அதற்குப் பெயர் நல்ல தக்காளி.

பண்ணைக்கீரைக்கும் இதே கதைதான். மானாவாரிக் காட்டில் தானே முளைக்கும் களை. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக முனையில் கதிர் விடும். பஞ்சத்துக்கும் பழக்கத்துக்கும் பறித்துக் கடைந்து சாப்பிட்ட கீரை. அதே இனத்தில் கதிர் பட்டையாகி மடிந்த வடிவம் கோழிக்கொண்டை. லின்னேயஸ் 1753இல் அதற்குத் தனி இனமென்றே பெயர் வைத்தார். கள்ளிக் கொண்டையைப்போல இதைத் துண்டு போட்டோ ஒட்டுக்கட்டியோ காப்பாற்ற வேண்டியதில்லை; விதைத்தால் கொண்டையே வரும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். லாரியின் முகப்பில் சாத்தும் மாலையில் கொண்டை இருக்கும், பண்ணைக்கீரை இருக்காது. பிறழ்ந்தது சாமிக்கு, பிறழாதது குழம்புக்கு.

மெண்டலின் பட்டாணியும் இந்த வரிசையில் உட்கார வேண்டியதே. 1865இல் புருன் நகரத்தில் அவர் வாசித்த கட்டுரையில் ஏழு பண்புகள் வருகின்றன. உருண்டை விதை, சுருங்கிய விதை, மஞ்சள், பச்சை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் ஒன்று, பூக்கள் தண்டு நெடுகப் பூக்கின்றனவா, உச்சியில் ஒரே கொத்தாகவா என்பது. உச்சியில் கொத்தாகப் பூக்கும் பட்டாணி வேறெதுவுமில்லை, தண்டு பட்டையாகிக் கொண்டை விழுந்த செடி. அவர் இரண்டாம் தலைமுறையில் எண்ணியது 858 செடிகள். 651 ஒழுங்கானவை, 207 கொண்டை. பாரம்பரியத்தின் சட்டங்கள் என்று உலகம் பிறகு வணங்கியவற்றின் ஏழு தூண்களில் ஒன்று இந்த விகாரத்தின்மேல் நிற்கிறது. மடத்துத் தோட்டத்தில் அவர் அதை வெட்டவும் இல்லை, போற்றவும் இல்லை. எண்ணினார்.

கத்தி இல்லாத இடத்தில் கொண்டை என்ன ஆகிறது? மெக்ஸிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் எல் ஆர்கோ என்ற ஊரைச் சுற்றிய சிறிய பகுதியில், விலா எலும்புபோன்ற வரம்புகளும் முட்களும் ஏறக்குறைய மறைந்து, உருகிய மெழுகுத்திரிபோல முண்டும் முடிச்சுமாக நிற்கும் கள்ளிக் கூட்டம் இருக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் அது கொண்டை வகையல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பி. விதையால் பெருகுவது அரிது. ஒடிந்து விழும் துண்டுகள் வேர்விட, அது தன்னைத் தானே பிரதியெடுத்துக்கொள்கிறது. யாருடைய உதவியும் இல்லாமல் நிலைத்திருக்கிறது.

ஆனால் பாலைவனத்துக் கொண்டை என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சகுவாரோ. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்திலும் அதை ஒட்டிய மெக்ஸிகோவிலும் பரவிய சொனோரன் பாலைவனத்தின் தூண் கள்ளி. 12 மீட்டர் உயரம் போகும், 150 ஆண்டைத் தாண்டி வாழும். டூஸான் நகரத்தின் இருபுறமும் அமைந்த சகுவாரோ தேசியப் பூங்காவில் இவை 20 லட்சம் அளவில் இருக்கின்றன. அவற்றுள் கொண்டை விழுந்ததாகப் பூங்கா அறிந்திருப்பவை 25க்குச் சற்று மேல். இவற்றைத் தேடிக் காட்டில் அலைந்து படமெடுத்துப் பதிவு செய்வதற்கென்றே அரிஸோனாவில் ஆர்வலர் சங்கம் இருக்கிறது. கண்டுபிடித்த இடத்தை அவர்கள் வெளியில் சொல்வதில்லை. சொன்னால் திருடன் போவான்.

கொண்டைச் சகுவாரோவை நேரில் பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். படத்தில் பார்த்தால்கூட அது நடக்கிறது. பத்தடி, இருபதடி உயரம்வரை வரம்புகள் நேர்கோடாக ஏறி வந்த தூண், ஓரிடத்தில் திடீரென்று அகன்று, மனிதன் இரண்டு கையையும் நீட்டினால் எவ்வளவோ அவ்வளவு அகலத்துக்கு விசிறியாக விரிந்து, விளிம்பில் நெளிகிறது. கீழே இருக்கும் நேர்கோட்டை வைத்து, எந்த உயரத்தில் அது நடந்தது என்று ஓரளவு சொல்லலாம். ஆனால் விசிறியோடு கதை முடிந்துவிடுவதில்லை. பல கொண்டைகளின் விளிம்பிலிருந்து மறுபடியும் ஒழுங்கான கைகள் முளைத்து மேலே போகின்றன. கொண்டைமேல் பூ வைக்கிறது, இரவில் விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிக்கொள்ளும் வெள்ளைப் பூ. வௌவாலும் புறாவும் தேனீயும் வருகின்றன, பழம் பழுக்கிறது. நேர்க்கிளை முளைத்தால் அறுக்க அங்கே யாரும் ஏணி வைத்து ஏறுவதில்லை. இரண்டும் ஒரே வேரில் சாப்பிட்டுக்கொண்டு, ஒன்று ஓங்கினால் ஓங்கட்டும் என்று இருந்துகொள்கின்றன.

மனிதர்கள் சும்மா இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். பணக்கார வீடுகளின் முன்முற்றத்துக்காக நேரான சகுவாரோக்களே பெயர்த்துத் திருடப்படுகின்றன. திருட்டைத் தடுக்கப் பூங்கா நிர்வாகம் கள்ளிகளின் சதைக்குள் மைக்ரோசிப் செலுத்தியிருக்கிறது. அதே தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் எல்லையோரம் இருக்கும் ஆர்கன் பைப் கள்ளிக்காட்டில், 2020இல் எல்லைச் சுவர் கட்டுவதற்காகச் சகுவாரோக்களை இயந்திரங்கள் புரட்டிப் போட்டன. ஒரு துறை, இரண்டு காடு, இரண்டு நடைமுறை. அந்தப் பாலையின் பழங்குடிகளான டொஹோனோ ஓதம் மக்களுக்குச் சகுவாரோ செடி அல்ல, உறவினர். காய்ந்து செத்த சகுவாரோவின் விலாக்கம்புகளைக் கட்டி நீண்ட தொரட்டி செய்து, கோடையில் பழம் பறிக்கிறார்கள். அந்தப் பழச்சாற்றைப் புளிக்க வைத்துக் குடித்து மழையை அழைக்கிறார்கள். அதிலிருந்து அவர்களுக்குப் புத்தாண்டு. 2021இல் அவர்களுடைய சட்டமன்றம் சகுவாரோவுக்கு நபர் என்ற தகுதியை அளிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. உறவு முறை சொல்லிக் கூப்பிட்டு வந்தவர்கள், அது போதாது என்று தெரிந்ததும் சட்ட மொழிக்கு மாறியிருக்கிறார்கள்.

2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. சகுவாரோ பகலில் மூச்சை அடக்கி, இரவுக் குளிரில்தான் துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். இரவும் கொதித்தால் அதற்கு வழியில்லை. நகரத்தில் பல சகுவாரோக்கள் கைகள் கழன்று விழுந்து, உள்ளே அழுகி, அடியோடு சாய்ந்தன. கொண்டையா நேரா என்று வெப்பம் பார்க்கவில்லை.

கொண்டைச் சகுவாரோவின் விதையை விதைத்தால் கொண்டை வருமா என்ற கேள்வியைப் பார்வையாளர்கள் தவறாமல் கேட்கிறார்களாம். மூளைக் கள்ளியிலும் பிறவற்றிலும் வளர்த்துப் பார்த்தவர்களின் அனுபவம், விதைக் கன்றுகளில் பெரும்பாலானவை நேராகவே வளரும் என்பது. அதனால்தான் ஒட்டும் பிளேடும் தேவைப்படுகின்றன. சகுவாரோவில் முறையாகச் சோதிக்க விரும்பும் ஆய்வாளர் ஒருவர் இந்த ஆண்டு விதை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் எட்டு ஆண்டில் கன்று 4 சென்டிமீட்டர்கூட வளராது. முதல் பூவுக்கு 35 ஆண்டு. முதல் கை முளைக்க 50இலிருந்து 75 ஆண்டு. கொண்டை எந்த வயதில் விழும் என்பதற்கு அட்டவணை கிடையாது. நூறாவது வயதிலும் விழலாம். எனவே ‘விழவில்லை’ என்ற முடிவை எழுதும் உரிமை, அந்த ஆய்வாளரின் மாணவரின் மாணவருக்குத்தான் கிடைக்கும். ஆராய்ச்சி நிதியைப் பொதுவாக மூன்றாண்டுக்குத்தான் ஒதுக்குவார்கள். நீட்டிக்கக் கேட்கும் விண்ணப்பத்தில் ‘இதுவரையிலான முன்னேற்றம்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் அவர் சில மில்லிமீட்டர் என்று எழுத வேண்டியிருக்கும்.